ஸ்குரு பெட்டியில் இருந்த 'கெஸ்ட்' யார்? டவ்லைஸ் இரும்புக் குடும்பம் பற்றி ஒரு விவாத இழை

தச்சன்மகள்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் அப்பாவின் பட்டறையை ஒழித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு இப்போது கை நடுக்கம், இழைப்புளியைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறது. மரப்பெட்டியின் அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. ஈரம் பட்டு மூலை எல்லாம் உப்பியிருந்தது. உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய மர ஸ்குருக்கள், ஒன்றில்கூடத் துரு இல்லை. பெட்டி மேல் 'நெட்டில்ஃபோல்ட்' என்று பெரிதாக, அதன் கீழே சின்ன எழுத்தில் 'கெஸ்ட் கீன் வில்லியம்ஸ்'.

அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த ஸ்குருவுக்குத் தலைவெட்டு மழுங்கவே மழுங்காது. தேக்கில் இறக்கும்போது கொஞ்சம் சோப்பு தடவினால் போதும்" என்றார். நான் சிறுவயதில் 'கெஸ்ட்' என்றால் விருந்தாளி, யாரோ விருந்தாளிக்குக் கொடுத்த பெட்டி என்று நினைத்திருக்கிறேன். இப்போதுதான் அது ஓர் ஆளின் பெயர் என்று உறைக்கிறது. யார் இவர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கடை பாபு:
அக்கா, எங்கள் கடையில் தாத்தா காலத்திலிருந்து இந்தப் பெயர் ஓடியது. கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் கம்பெனிக்கு ஹவுராவில் தொழிற்சாலை. கடைக்காரர்கள் எல்லாம் ஜி.கே.டபிள்யூ. என்றுதான் சொல்வோம். அதன் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில், 'கெஸ்ட், கீன் அண்ட் நெட்டில்ஃபோல்ட்ஸ்', சுருக்கமாக ஜி.கே.என். மூன்றும் மூன்று தனித்தனிப் பெயர். கெஸ்ட் இரும்பு உருக்கியவர், கீன் நட்டு போல்ட்டு செய்தவர், நெட்டில்ஃபோல்ட் ஸ்குரு செய்தவர். 1900லும் 1902லும் அடுத்தடுத்து ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

நெட்டில்ஃபோல்ட் கதையும் நல்ல கதை. 1854க்கு முன் மர ஸ்குருவுக்கு முனை மொட்டையாக இருக்கும், முதலில் துளை போட்டுத்தான் இறக்க வேண்டும். கூர்முனை ஸ்குருவை இயந்திரத்தில் செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை நெட்டில்ஃபோல்ட் வாங்கினார். பணம் போதவில்லை, மைத்துனர் சேம்பர்லேனிடம் கேட்டார். அவர் பணத்தோடு தன் 18 வயது மகனையும் பர்மிங்ஹாமுக்கு அனுப்பினார். அந்தப் பையன்தான் பிற்பாடு பெரிய அரசியல்வாதியான ஜோசப் சேம்பர்லேன். அவர் மகன் நெவில் பிரதமரே ஆனார். கெஸ்ட் பற்றி உலைக்களம் ஐயா சொன்னால்தான் சரியாக இருக்கும்.

உலைக்களம்:
கூப்பிட்டதற்கு நன்றி பாபு. வார்ப்பாலையில் 31 வருடம் இருந்தவன், அதனால் இந்தக் குடும்பத்தை நான் உலையின் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன்.

தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊர், அதன் மேட்டுப் பகுதி டவ்லைஸ். 1759இல் ஒன்பது பேர் கூட்டாகச் சேர்ந்து அங்கே ஓர் ஊதுலை தொடங்கினார்கள். அதில் ஒருவர்கூட கெஸ்ட் இல்லை. ஷ்ராப்ஷயரில் புரோஸ்லி என்ற இடத்திலிருந்து ஜான் கெஸ்ட் என்பவர் பிழைப்பு தேடி வேல்ஸுக்கு வந்தார். 1767இல் அவரை டவ்லைஸ் உலைக்கு மேலாளராக வைத்தார்கள். சம்பளத்துக்கு வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காளி ஆனார். 1787இல் அவர் இறந்தபின் மகன் தாமஸ். தாமஸ் 1807இல் போனபின் பேரன் ஜோசையா ஜான். 1815இல் மாமா வில்லியம் டைட் காலமானபோது அவருடைய பெரும் பங்கும் ஜோசையாவுக்கே வந்தது. அங்கேதான் கதை வேகம் எடுக்கிறது.

ஏன் டவ்லைஸ் என்றால், அந்த ஒரே மலையில் இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் இருந்தன. மலையிலிருந்து தண்ணீர் இறங்கியது. உலைக்கு வேண்டியது எல்லாம் நடந்து போகும் தூரத்தில். கிடைக்காதது ஆள் மட்டும்தான். ஆட்கள் மேற்கு வேல்ஸின் வயல்களிலிருந்தும், அயர்லாந்திலிருந்தும் வந்தார்கள். 1845 வாக்கில் 18 ஊதுலைகள், 7,300 பேருக்கு மேல் வேலை, வருடத்துக்கு 88,000 டன்னுக்கு மேல் இரும்பு. அன்று உலகத்திலேயே பெரிய இரும்பாலை அதுதான். ரயில்பாதைகள் பெருகிய காலம். 1844இல் ரஷ்யாவுக்கு மட்டும் 50,000 டன் தண்டவாளத்துக்கு ஆர்டர் கிடைத்தது.

வைகைக்கரை:
ஐயா, ஒரு சந்தேகம். உலகத்தின் முதல் ரயில் இன்ஜின் ஓடியது டவ்லைஸில்தானே? நெல்சனுக்குப் பீரங்கி வார்த்ததும் இவர்கள்தான் என்று படித்த ஞாபகம்.

உலைக்களம்:
இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்தது தம்பி. மெர்தரில் நான்கு பெரிய ஆலைகள் இருந்தன: டவ்லைஸ், கவார்த்வா, பெனிடாரன், பிளிமத். 1804 பிப்ரவரி 21இல் டிரெவிதிக்கின் நீராவி இன்ஜின் ஓடியது பெனிடாரனில். பீரங்கி வார்ப்புக்குப் பேர்போனது கவார்த்வா, கிராஷே குடும்பத்தின் ஆலை. 1802இல் நெல்சன் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். கெஸ்ட் குடும்பம் பணம் பார்த்தது தண்டவாளத்தில்.

தண்டவாளம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஊதுலையில் வருவது வார்ப்பிரும்பு. கரி, அதாவது கார்பன், கலந்தது, கெட்டிதான், ஆனால் அடித்தால் உடையும். அதில் தண்டவாளம் போட்டால் இன்ஜின் எடைக்குத் தாங்காது. கரியை எரித்து எடுத்தால்தான் தேனிரும்பு. அதைச் செய்தது ஓர் ஆள், கையில் ஒரு நீளக் கம்பி, முன்னால் ஒரு சின்ன அடுப்பு வாய்.

உருகிய இரும்பைக் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பின் மேல் நீலச் சுடர் குமிழ் குமிழாக வெடிக்கும், கரி எரிந்து போவதற்கு அதுதான் அடையாளம். கரி குறையக் குறைய இரும்பின் உருகுநிலை ஏறும். அடுப்பின் சூடு அதே சூடுதான், ஆனால் இரும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கும். மோர் கடையும்போது வெண்ணெய் திரண்டு வருகிற மாதிரி. அந்த நொடியைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், அதற்குக் கருவி கிடையாது. திரண்டதை 35, 40 கிலோ உருண்டைகளாக உருட்டி இடுக்கியால் இழுத்துச் சம்மட்டிக்குத் தள்ள வேண்டும். அடியில் கசடு பொறியாகத் தெறிக்கும். அப்புறம் உருளைக்குள் விட்டுச் சட்டமாக இழுப்பார்கள். ஒரு நாளைக்கு இப்படிப் பல முறை, வருடக்கணக்கில். வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பார்வை மங்கிப்போகும்.

ரஷ்யாவுக்குப் போன 50,000 டன்னும் ஒருவர் கம்பியில் இப்படித் திரண்டு வந்ததுதான்.

கார்டிஃப் நிலா:
நான் பத்து வருடமாக கார்டிஃபில் இருக்கிறேன், மெர்தருக்கு ரயிலில் ஒரு மணி நேரம். சார்லட் அம்மையாரைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். இந்தக் குடும்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

1812இல் பிறந்தவர். ஒன்பதாவது லிண்ட்சே பிரபுவின் மகள், லிங்கன்ஷயரில் அஃபிங்டன் மாளிகை. ஆறு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட ஆளை இவருக்குப் பிடிக்கவே இல்லை. தம்பிகளின் வாத்தியார் உதவியோடும் தானாகவும் அரபு, ஹீப்ரு, பாரசீகம் எல்லாம் படித்தார். 1833 ஜூலையில் ஜோசையா ஜான் கெஸ்டைக் கல்யாணம் செய்தார். இவருக்கு 21, அவருக்கு 48. முதல் மனைவியை இழந்து நீண்ட நாள் தனியாக இருந்தவர். பிரபு வீட்டுப் பெண் இரும்பு வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டது லண்டனில் பலருக்கு உறுத்தியது. 'தொழில் செய்கிறவர்கள்' என்ற சொல்லே அந்த வட்டாரத்தில் ஒரு படி கீழ்.

பசும் வயல்வெளியில் வளர்ந்த பெண், ராத்திரி முழுக்க வானம் சிவந்து கிடக்கும் ஊருக்கு வந்தார். வந்ததும் வெல்ஷ் மொழி படிக்க ஆரம்பித்தார். ஆலைக் கணக்கு பார்த்தார், கணவருக்குக் கடிதங்கள் எழுதினார், சூடான காற்றை உலைக்கு ஊதும் முறை பற்றிய பிரெஞ்சு நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 13 வருடத்தில் பத்துப் பிள்ளைகள். அதே வருடங்களில்தான் வேல்ஸின் இடைக்காலக் கதைகளான மாபினோகியனை மொழிபெயர்த்தார். வெல்ஷ் அறிஞர்கள் ஏட்டுப் பிரதியைப் படியெடுத்துக் கொடுத்து உதவினார்கள். 1838இல் முதல் பகுதி வந்தது, 1849இல் மூன்று பெரிய தொகுதிகளாக முழுமை பெற்றது. அடுத்து வந்த இரண்டு மூன்று தலைமுறை ஆங்கில வாசகர்கள் இந்தக் கதைகளை அவர் வழியாகத்தான் படித்தார்கள். மூத்த மகனுக்கு ஐவர் என்று வெல்ஷ் பெயர் வைத்தார். 1839இல் டவ்லைஸில் தொடங்கிய புது ஆலைக்கும் அதே பெயர்தான்.

1852 நவம்பரில் ஜோசையா இறந்தார். அதற்குள் அவர்களுக்கு டார்செட்டில் கான்ஃபோர்ட் என்ற பெரிய பண்ணை மாளிகை இருந்தது. ஆனால் உயிர் போவது டவ்லைஸில்தான் என்று அங்கே திரும்பி வந்தார், அங்கேயே அடக்கமும் ஆனார். அதன்பின் உலகத்தின் பெரிய இரும்பாலைகளில் ஒன்றை நடத்தியது 40 வயது விதவை. 1855இல் மகனின் ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் ஷ்ரைபரை மணந்து பொறுப்பிலிருந்து விலகினார். பிற்பாடு இருவரும் ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பீங்கான் சேகரித்தார்கள். சுமார் 1,800 பொருள்களை 1884இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று அதன் பெயர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்.

தச்சன்மகள்:
நிலா அக்கா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பத்துப் பிள்ளையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சுரங்கத்து மணி:
எல்லாம் சரி. ஆனால் இதில் ஒரு பெயர் விட்டுப்போகிறது. அதைச் சொல்லாமல் மெர்தரைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன்.

1831. இரும்பு விலை சரிந்தது, கவார்த்வாவில் கூலியைக் குறைத்தார்கள். கடன் நீதிமன்றம் தொழிலாளர் வீடுகளில் கட்டிலையும் பாத்திரத்தையும் ஜப்தி செய்துகொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் மக்கள் எழுந்தார்கள். ஜப்தி செய்த பொருள்களைப் பறித்து உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஜூன் 3ஆம் தேதி காசில் விடுதிக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். உள்ளே ஆலை முதலாளிகளும் நீதிபதிகளும், வாசலில் பிரெக்கனிலிருந்து வரவழைத்த சுமார் 80 ஹைலேண்டர் சிப்பாய்கள். உள்ளே இருந்தவர்களில் ஜோசையா கெஸ்டும் ஒருவர், கூட்டத்திடம் பேசியும் பார்த்தார். கைகலப்பு ஆனது, சுட்டார்கள். குறைந்தது 16 பேர் செத்தார்கள். சிப்பாய்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஒரு சிப்பாயின் தொடையில் பயனெட்டால், அதாவது துப்பாக்கி முனைக் கத்தியால், குத்தியதாக 23 வயது ரிச்சர்ட் லூயிஸ் என்ற தொழிலாளியைப் பிடித்தார்கள். ஊரார் அவரை டிக் பெண்டெரின் என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 13இல் கார்டிஃபில் தூக்கில் போட்டார்கள். பல வருடம் கழித்து அமெரிக்காவில் சாகக் கிடந்த இன்னொருவர், குத்தியது நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் மெர்தருக்கு முதன்முதலாக நாடாளுமன்றத் தொகுதி வந்தது. முதல் உறுப்பினர் ஜோசையா கெஸ்ட். சாகும்வரை அவரேதான். 1838இல் பேரனட் பட்டம். சுடப்பட்டுச் செத்தவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டே கிடையாது.

கார்டிஃப் நிலா:
மணி அண்ணா, நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. கார்டிஃபில் அவரைத் தூக்கிலிட்ட இடம் இன்றைய மத்தியச் சந்தை வாசல், அங்கே நினைவுப் பலகை இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நான் மீன் வாங்கப் போகிறேன்.

சார்லட்டைப் பற்றியும் முழுசாகவே சொல்கிறேன், மறைக்க வேண்டாம். 1853இல் சுரங்கத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் இறங்கி வரவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது, கடைசியில் தொழிலாளர்கள்தான் திரும்பினார்கள். அதே அம்மையார் பெரியவர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார், பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம் கட்டினார். நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பாரியே அந்தப் பள்ளிக்கும் வரைபடம் போட்டார். 1849 காலராவில் மெர்தர் வட்டாரத்தில் 1,400 பேருக்கு மேல் செத்தார்கள். அவ்வளவு பேர் வாழ்ந்த ஊருக்கு அன்று ஒழுங்கான குடிநீர்க் குழாய் இல்லை. பள்ளிக்குக் கிடைத்த அக்கறை தண்ணீருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும் என்று சொன்னேன். இப்போதும் பிடிக்கும். ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சுரங்கத்து மணி:
இப்படிச் சொன்னதற்கு நன்றி நிலா. நான் சுரங்கத்தில் இருந்தபோது எங்களுக்கும் ஒரு நல்ல மேலதிகாரி இருந்தார். எங்கள் பிள்ளைகளின் பெயர், படிப்பு எல்லாம் விசாரிப்பார். கூலி பேச உட்கார்ந்தால் வேறு ஆள். இரண்டும் உண்மைதான்.

பழையநாணயம்:
பட்டங்கள் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். பேரனட் என்பது பரம்பரைப் பட்டம்தான், பெயருக்கு முன் 'சர்' வரும். ஆனால் பிரபுக்கள் சபையில் நாற்காலி கிடையாது. அந்த நாற்காலி அடுத்த தலைமுறைக்கு வந்தது.

மூத்த மகன் ஐவர் பெர்ட்டி கெஸ்ட். 1868இல் கொர்னிலியா ஸ்பென்சர் சர்ச்சிலை மணந்தார். ஏழாவது மார்ல்பரோ டியூக்கின் மகள். வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா ராண்டால்ஃப் இவருடைய தம்பி, அதாவது வின்ஸ்டனுக்கு இவர் அத்தை. 1880இல் டிஸ்ரேலியின் பரிந்துரையில் ஐவர் விம்போர்ன் பிரபு ஆனார். ஜான் கெஸ்ட் சம்பளத்துக்கு டவ்லைஸ் வந்து 113 வருடம், கொள்ளுப்பேரன் காலத்தில் பிரபுக்கள் சபை.

ஆலையை அவர் நேரடியாக நடத்தவில்லை. அறங்காவலர் ஜி. டி. கிளார்க், பொறியாளர் வில்லியம் மெனலாஸ் இருவரும்தான் நடத்தினார்கள். பெசமர் தன் எஃகு முறையை அறிவித்த 1856இலேயே முதல் உரிமம் வாங்கியது டவ்லைஸ். 1865இல் அங்கே பெசமர் எஃகு வந்தது. 1899 வாக்கில் விம்போர்ன் பிரபு ஆலையை ஆர்தர் கீனுக்கு விற்றார். பாபு சொன்ன கம்பெனி அப்படித்தான் பிறந்தது. பெயரில் கெஸ்ட் முதலில் வருகிறது, ஆனால் அந்த நாளோடு குடும்பத்துக்கும் உலைக்கும் இருந்த உறவு முடிந்தது.

வைகைக்கரை:
இதில் ராணுவம் எங்கே வருகிறது? இந்த மாதிரிக் குடும்பங்களில் ஒரு மகனாவது சிப்பாய் உடுப்பில் இருப்பான் என்பார்களே.

பழையநாணயம்:
இருக்கிறார். விம்போர்ன் பிரபுவின் மகன்களில் ஃபிரெடரிக் கெஸ்ட், எல்லோரும் ஃபிரெடி என்பார்கள். 1875இல் பிறந்தவர். குதிரைப்படையில் முதல் லைஃப் கார்ட்ஸ். வெள்ளை நைல் கரையிலும் பின்பு போயர் போரிலும் இருந்தார். 1914இல் போர் தொடங்கியதும் பிரான்சில் பிரிட்டிஷ் படைத்தலைவர் சர் ஜான் பிரெஞ்சின் துணையதிகாரி. அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்கா. வீரப்பதக்கமும் வாங்கினார்.

லைஃப் கார்ட்ஸில் அதிகாரியாக இருப்பதற்குச் சம்பளம் போதாது. குதிரை, உடுப்பு, விருந்து எல்லாம் சொந்தச் செலவு. வீட்டில் பணம் இல்லாதவன் அங்கே காலம் தள்ள முடியாது. இந்த வீட்டில் அந்தப் பணம் டவ்லைஸில் திரண்ட பணம்.

அண்ணன் இன்னொரு ஐவர், அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதி. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சி அவர் காலத்தில்தான். முந்தின நாளே தலைவர்களைக் கைது செய்யச் சொன்னார், அதிகாரிகள் தாமதித்தார்கள். மறுநாள் டப்ளின் அஞ்சலகம் எழுச்சிக்காரர்கள் கையில். பதவி விலகினார். விசாரணை ஆணையத்துக்குத் தலைவர், அதற்குச் சற்றுமுன்வரை இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த ஹார்டிஞ்ச். அறிக்கை இவர்மேல் பழி சுமத்தவில்லை, மறுபடி பதவியில் அமர்த்தினார்கள். 1918இல் விஸ்கவுண்ட் பட்டம்.

இனி நான் சொல்ல வந்த இடம். 1917 முதல் 1921 வரை ஃபிரெடி, பிரதமர் லாயிட் ஜார்ஜ் அரசின் தலைமைக் கொறடா. கட்சிக்குப் பணம் திரட்டுவது அவர் வேலை. அந்தக் காலத்தில்தான் பட்டங்களுக்கு விலை வைத்து விற்றார்கள். 'சர்' பட்டம் 10,000 பவுண்டு, பேரனட் 30,000க்கு மேல், பிரபு ஆவதற்கு 50,000க்கு மேல் என்று பேச்சு. வாங்குகிறவர்களைக் கூட்டிவரத் தரகர்கள் இருந்தார்கள். 1922இல் ஊர் சிரித்தது, 1925இல் இதைத் தடுக்கவே தனிச்சட்டம் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அவருடைய தாத்தா உலைக்குப் பக்கத்தில் ஒரு வாழ்நாளைக் கழித்துப் பெற்ற பட்டம் பேரனட். பேரன் மேசையில் அதே பட்டத்துக்கு விலைச்சீட்டு.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இந்த இடம் வரும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் நடந்துவிட்டுத்தான் வருவேன்.

கார்டிஃப் நிலா:
ஃபிரெடியின் மனைவி ஏமி ஃபிப்ஸ், அமெரிக்காவில் கார்னகியின் எஃகுக் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸின் மகள். அங்கேயும் இரும்பு! 1928இல் அட்லாண்டிக்கைப் பறந்து கடக்க வேண்டும் என்று இவர் ஒரு விமானமே வாங்கினார். வீட்டில் விடவில்லை. சரி, தகுதியான இன்னொரு பெண்ணாவது போகட்டும் என்றார். அப்படிக் கண்டுபிடித்த பெண்தான் அமேலியா இயர்ஹார்ட். நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பிய விமானம் ஜூன் 18இல் வந்து இறங்கியது வேல்ஸின் பரி போர்ட் கரையில். டவ்லைஸிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

இரும்புக்கடை பாபு:
கான்ஃபோர்ட் மாளிகை கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அசீரிய நகரமான நினிவேயை அகழ்ந்து தோண்டிய லயார்ட், சார்லட்டுக்கு அம்மா வழி உறவு, பின்னால் அவருக்கே மருமகனும் ஆனார். அவர் கொடுத்த அசீரியச் சிற்பங்களை வைக்க மாளிகையில் தனி மண்டபம் கட்டினார்கள். 1923இல் மாளிகை பள்ளிக்கூடம் ஆனது, மண்டபம் பிள்ளைகளின் தின்பண்டக் கடை ஆனது. சுவரில் மீதி இருந்த ஒரு சிற்பத்தை வெறும் சுதை நகல் என்று நினைத்து வெள்ளையடித்துவிட்டார்கள். அது அசல் என்று 1990களில்தான் தெரிந்தது. 1994 ஏலத்தில் 77 லட்சம் பவுண்டு போனது.

சுரங்கத்து மணி:
டவ்லைஸ் என்ன ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன். உள்ளூர்த் தாது தீர்ந்து, வெளிநாட்டுத் தாது கப்பலில் வரத் தொடங்கியதும் மலைமேல் இருந்த ஆலைக்கு அர்த்தம் போய்விட்டது. 1891இலேயே கார்டிஃப் துறைமுகத்தில் புது உலைகள் வந்தன. 1930இல் டவ்லைஸில் எஃகு உருக்குவது நின்றது. வீதி வீதியாக வேலை இல்லை. 1936 நவம்பரில் எட்டாம் எட்வர்டு மன்னர் வந்து இடிந்த ஆலையைப் பார்த்து, இவர்களை இங்கே கொண்டுவந்தது இந்த ஆலைதான், ஏதாவது செய்ய வேண்டும் என்றார். ஒரு மாதத்துக்குள் அவரே அரியணையை விட்டுவிட்டார்.

இரும்புக்கடை பாபு:
பெயர் மட்டும் இன்னும் சுற்றுகிறது அண்ணா. ஜி.கே.என். கம்பெனியை 2018இல் மெல்ரோஸ் என்ற நிறுவனம் சுமார் 810 கோடி பவுண்டுக்கு வளைத்துப் போட்டது. 2023இல் கார் பாகங்கள் செய்யும் பகுதியைப் பிரித்துத் தனி நிறுவனம் ஆக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் டவ்லைஸ் குரூப்.

தச்சன்மகள்:
ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்டேன், இவ்வளவு வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். டியூக், பிரபு வந்த இடமெல்லாம் உம் கொட்டிக்கொண்டிருந்தார். உலைக்களம் ஐயா எழுதியதில் இரும்பு திரண்டு வரும் இடத்தில் மட்டும், "அதைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "அந்தக் கம்பியைப் பிடித்தவன் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா, கேள்" என்றார்.

கார்டிஃப் நிலா:
எழுதியிருக்கிறது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டவ்லைஸ் முழுக்க வீடு வீடாக இருக்கிறது: பெயர், வயது, எந்த ஊரில் பிறந்தவர், என்ன வேலை. தேனிரும்பு கிளறுகிறவருக்குத் தனித் தொழிற்பெயரே உண்டு, அதையே போட்டிருப்பார்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒரு வீதியை எடுத்துக்கொண்டு, அந்த வேலை செய்தவர்களை மட்டும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். வெல்ஷ் பெயர்களை எப்படிச் சொல்வது என்று பக்கத்திலேயே தமிழில் போடுகிறேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உலைக்களம்:
நிலா, வயதையும் சேர்த்து எழுதம்மா.